பெண்கள் நேரம், மூன்று முதல் நான்கு வரை

ஜூன் 2

அன்புள்ள சிட்டு,

இங்கே நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் மகளும் நலம்தானே? உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. காரணத்தைக் கேட்டால் உனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வரும்.

உன் அண்ணி நாற்பத்தொரு வயதில் நீச்சல் கற்றுக்கொள்கிறாள்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் தாண்டிவிடும் என்று எங்கள் மருந்தகத்து டாக்டர் சொன்னார். முழங்கால் வலியோடு நடக்க முடியவில்லை. "அப்போ தண்ணியில இறங்குங்க" என்றார். நகராட்சி நீச்சல் குளத்தில் மதியம் மூன்றிலிருந்து நான்கு வரை பெண்கள் நேரமாம். எனக்கு இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. மாத்திரை எண்ணிக் கொடுத்த கையோடு போய்ப் பார்த்தேன்.

நாங்கள் ஏழு பேர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரம்மா, வங்கியில் கேஷியராக இருப்பவர், ஒரு தையல்கார அம்மா, இன்னும் மூன்று பேர், அப்புறம் நான். கற்றுத்தருகிற பெண்ணுக்கு இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். பேச்சை விட விசில்தான் அதிகம், அதனால் அவளுக்குப் பெயரே விசில். எங்கள் யாருக்கும் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கத் தைரியமில்லை. முதல் வாரம் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துக் குமிழி விட்டோம். "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. மெதுவா வெளிய விடுங்க. தண்ணிகிட்ட சண்டை போடாதீங்க" என்கிறாள். புகுந்த வீட்டுக்குப் போகும்போது அம்மா சொன்ன மாதிரியே இருக்கிறது.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. பயமெல்லாம் இல்லை. கற்றுக்கொண்ட பிறகு சொல்லலாம் என்றுதான். அதனால் இதைப் பற்றி எழுதுவதென்றால் வீட்டு விலாசம் வேண்டாம், மருந்தக விலாசத்துக்கு எழுது. வீட்டு ஃபோனுக்கு அவர் பூட்டுப் போட்டிருப்பது உனக்குத் தெரியும், அதிலும் பேச முடியாது.

அன்புடன்,
உன் அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை முதியோர் இல்லத்தில் வேலைக்கு நடுவே படித்தேன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிமார்களுக்கு மதியத் தூக்க நேரம் அது.

உங்கள் உடம்புக்கு நல்லதென்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீச்சல்தான் வேண்டுமா அண்ணி? மெதுவாக நடந்தால் போதாதா? வீட்டுக்குள்ளேயே செய்கிற பயிற்சிகள் எத்தனையோ இருக்கின்றன. நான் வேண்டுமானால் படம் போட்டு அனுப்புகிறேன்.

எனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, உங்களுக்குத் தெரியுமே. அதனால்தான் இப்படி எழுதுகிறேனோ என்னவோ. என் மகளின் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்புக்கு அனுமதிப் படிவம் வருஷா வருஷம் வருகிறது. நான் கையெழுத்துப் போடுவதில்லை. மூன்றாவது வருஷமாக அவள் மட்டும் கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டுகளைக் காவல் காக்கிறாளாம். ஒரு வாரமாக என்னிடம் பேச்சில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டும். கற்றுக்கொண்ட பிறகும் சொல்ல வேண்டாம். காரணம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சிட்டு

ஜூலை 1

அன்புள்ள சிட்டு,

காரணம் ஒன்றுமில்லை என்று எழுதினால்தான் காரணம் இருக்கிறதென்று தோன்றும், தெரியுமா உனக்கு?

முதலில் நல்ல செய்தி. மிதந்துவிட்டேன்! கம்பியை விட்டு, பலகையை விட்டு, மல்லாக்கப் படுத்து, காதில் தண்ணீர் நிறைந்து, ஒரு சத்தமும் இல்லாமல் மேலே வானத்தைப் பார்த்தபடி. என் எடையைச் சுமக்க இத்தனை வருஷத்தில் ஒருவரும் இல்லை, இந்தத் தண்ணீர் சுமந்தது. எழுந்து நின்றதும் அழுகை வந்துவிட்டது. கண்டக்டரம்மா, "அழுதா குளத்துல உப்பு ஏறிடும், நிறுத்துடி" என்றார்.

நைட்டியோடு இறங்கக்கூடாது என்று குளத்து விதி. தையல்கார அம்மா எங்கள் ஏழு பேருக்கும் கையும் காலும் மூடிய கறுப்பு நீச்சல் உடை தைத்துக் கொடுத்திருக்கிறார். ஏழு பேரும் வரிசையாக நின்றால் கறுப்பு உறை போட்ட தலையணைகள் மாதிரி இருக்கிறோம். என் உடையை மருந்தகத்தின் பின்னால் காயப்போடுகிறேன்.

இனி இன்னொரு செய்தி. பரணில் பழைய போர்வை தேடியபோது ஒரு சான்றிதழ் கிடைத்தது. பள்ளிகளுக்கு இடையிலான நீச்சல் போட்டி, ஐம்பது மீட்டர், முதல் இடம். உன் பெயர்! பதினேழு வருஷமாக உனக்கு அண்ணியாக இருக்கிறேன், ஒரு வார்த்தை சொன்னாயா? தண்ணீர் ஒத்துக்கொள்ளாதாம்!

அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் வந்தார். வாங்கித் துடைத்தார். "இவளுக்கு நான்தான் கத்துக்குடுத்தேன். அப்புறம் என்னவோ பயந்துட்டா" என்றார். என் பக்கத்தில் வந்து நின்று, "உன் தலையில என்ன வாசம்?" என்று கேட்டார். மருந்து வாசம் என்றேன். சிரித்தார். "குடிநீர்ப் பிரிவுல இருபது வருஷமா மேற்பார்வை பார்க்குறேன். தினமும் குளோரின் அளக்குறவன் மூக்கு இது" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாள் படித்தார்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உன் அண்ணி

ஜூலை 13

அன்புள்ள அண்ணிக்கு,

நிறுத்திவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அவராகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். "முழங்காலுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்" என்று நீங்களே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். நன்றாக நீந்த வருகிறது என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

நான் ஏன் இப்படி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சில விஷயங்கள் தாளில் எழுத வருவதில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர், கடல் தாண்டி இங்கே வேலைக்கு அனுப்பி வைத்தவர். அவருக்கு யாரும் தன்னை மிஞ்சுவது பிடிக்காது, அவ்வளவுதான். அதை மனதில் வைத்து நடந்துகொண்டால் ஒரு தொல்லையும் இல்லை.

அந்தச் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சிட்டு

ஆகஸ்ட் 6

அன்புள்ள சிட்டு,

உன் கடிதத்தைப் பார்த்து முதலில் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. இப்போது இரண்டும் போய்க் குழப்பமாக இருக்கிறது. நடந்ததை எழுதுகிறேன், நீயே சொல்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மருந்தகத்தின் பின்னால் காயப்போட்ட என் நீச்சல் உடையைக் காணவில்லை. வீட்டுக்கு வந்தால் கட்டிலில், என் தலையணையின் மேல் இருந்தது. சதுரமாக மடித்து, இஸ்திரி போட்டு. நைலான் துணி, சூடு தாங்குமா? நெஞ்சுப் பக்கம் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே உருகிப் பதிந்திருந்தது. அவர் வாசலில் நின்று, "சுருக்கமா இருந்துச்சு. அதான் தேய்ச்சு வெச்சேன்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை குளத்தின் வாசலில் அறிவிப்பு. குழாய்ப் பழுதாம், மறு அறிவிப்பு வரும்வரை பெண்கள் நேரம் ரத்தாம். ஆண்கள் நேரத்தில் மாற்றமில்லையாம். "ஆம்பளைங்க இறங்குறப்ப மட்டும் குழாய் சரியாயிடுமா?" என்று கண்டக்டரம்மா காவலாளியிடம் சண்டைக்குப் போனார். அறிவிப்பின் கீழே இருந்த கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து.

வீட்டுக்கு வந்து, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக, "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று நேருக்கு நேர் கேட்டேன். கையை ஓங்குவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ப் பொம்பளைங்க கூட எதுக்கு அழுக்குத் தண்ணியில கெடக்கணும்? உனக்கு நீச்சல்தானே வேணும்? நான் கத்துத் தரேன். நம்ம குடிநீர் ஏரிக்குப் போவோம். கேட் சாவி என்கிட்டதான் இருக்கு. நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா வராது" என்றார்.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். காலையில் அவரே டீ போடுகிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறார். புது உடை வாங்கி வந்திருக்கிறார், அளவு சரியாக இருக்கிறது. வரும் ஞாயிறு, பதினோராம் தேதி காலை, ஏரிக்குப் போகிறோம்.

நீ எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன், இவர் தேய்த்துவிடும் கையையும் பார்க்கிறேன். மனிதர்கள் மாறுவது உண்டுதானே? வேண்டாமென்றால் மறுபடி முகம் இறுகிவிடுமோ என்று சரி சொல்லிவிட்டேன்.

உன் அண்ணி

ஆகஸ்ட் 17

அண்ணி, அண்ணி,

உங்கள் ஆறாம் தேதிக் கடிதம் இன்றுதான் என் கைக்கு வந்தது. ஞாயிறு போய் ஆறு நாள் ஆகிவிட்டது. உங்கள் மருந்தகத்துக்கு ஃபோன் கிடையாது. வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். "அண்ணிய கூப்பிடுங்க" என்றேன். "தூங்குறா" என்றார். அங்கே அப்போது பகல் பதினொரு மணி. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி செய்தேன். "இன்னும் எழுந்திரிக்கல" என்றார்.

இதை நான் பதினேழு வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயது, அவருக்கு இருபது. ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் தண்ணீர் நின்றிருக்கும். அங்கேதான் எனக்கு நீச்சல் கற்றுத்தந்தார். நல்லபடியாகத்தான் கற்றுத்தந்தார். நான் முதல் இடம் வாங்கிய அந்த வாரம், அவருடைய நண்பர்கள், "தங்கச்சியோட போட்டி போடுடா பார்க்கலாம்" என்று கிண்டல் செய்தார்கள். போட்டி போட்டோம். ஒரு கை நீளத்தில் நான் ஜெயித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். வழி நெடுக என் தோளில் கை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் என்னை மட்டும் அழைத்துப் போனார். ஆழத்துக்குப் போனதும் என் தலையைப் பிடித்து அழுத்தினார். மேலே விட்டார். மறுபடி அழுத்தினார். மூன்று தடவை. வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணுவது தண்ணீருக்குள்ளும் எனக்குக் கேட்டது. மூன்றாவது தடவை எண்ணிக்கை எனக்கு நின்றுவிட்டது. கண் விழித்தபோது பாறையில் கிடந்தேன். அவர் என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "விளையாட்டுக்குத்தான்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். "அண்ணன்தானே, வெளிய சொன்னா உனக்குத்தான் கேவலம்" என்றாள். நான் வெளியே சொல்லவில்லை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடுவார் என்று உங்கள் கழுத்தில் தாலி ஏறும்போதும் பக்கத்தில்தான் நின்றேன்.

இது கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். வெறும் உறையாவது அனுப்புங்கள்.

சிட்டு

ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் இல்லை. என் கடிதமே இன்னும் வந்து சேர்ந்திருக்காது என்று தெரியும். இருந்தும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன்.

நேற்று மறுபடி அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "அவ அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா" என்றார்.

உங்கள் அம்மா இறந்து நான்கு வருஷமாகிறது. துக்கம் விசாரித்து நான் கடிதம் எழுதினேன். அதை அவர்தான் உங்களுக்குப் படித்துக் காட்டினாராம், நீங்களே எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார். நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அண்ணி, நான் "சரி" என்றுதான் சொன்னேன்.

சிட்டு

ஆகஸ்ட் 30

சிட்டு,

உயிரோடு இருக்கிறேன். உன் பதினேழாம் தேதிக் கடிதம் நேற்று முன்தினம் மருந்தகத்துக்கு வந்தது. நின்ற இடத்திலேயே படித்தேன். மருந்துக்கு வந்த ஒருவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏரிக்குப் போனோம். கேட்டைத் திறந்தார், உள்ளே போனதும் மறுபடி பூட்டினார். "மாடு கீடு வந்துடும்" என்றார். பம்ப் அறைப் படிக்கட்டு வழியாக இறங்கினோம். இடுப்பளவு வரை கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். என் முதுகுக்குக் கீழே கை வைத்து, "மல்லாக்கப் படு" என்றார். படுத்தேன், அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார். "அட, நல்லா வருதே. யாரு கத்துக்குடுத்தா?" என்றார். "விசில்" என்றேன். "என்னை விடவா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காலுக்குக் கீழே தரை இல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

நீ எழுதியபடியேதான். எண்ணினார். முதல் தடவை மேலே விட்டபோது, "பயமா இருக்கா?" என்றார். "விடுங்க" என்று கத்தினேன். அங்கே கேட்க யார் இருக்கிறார்கள்? இரண்டாவது தடவை அவர் கையைப் பிறாண்டினேன், உதைத்தேன். மூச்செல்லாம் அதிலேயே செலவாகிவிட்டது. மூன்றாவது தடவை அழுத்தியபோது உதைக்கவில்லை. உடம்பைத் தளர்த்தினேன். மூச்சை மெதுவாக, குமிழி குமிழியாக விட்டேன். அப்புறம் அதையும் நிறுத்தினேன். எண்ணிக்கொண்டிருந்த குரல் நின்றது. பிடி கொஞ்சம் தளர்ந்தது. மேலே வரவில்லை சிட்டு, கீழே போனேன். அவருடைய காலுக்கும் கீழே போய், கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டு, எந்தப் பக்கம் என்று தெரியாமல் கையை வீசினேன். ஏழு பேரில் நான்தான் மெதுவானவள்.

கரைக் கல்லில் தலை இடித்தது. ஏறித் திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு நடுவில் மிதந்தபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே குரல். "ஏய், விளையாட்டுக்குத்தான்! வா இங்க!" என்றார். முள்வேலிக்கு அடியில் புகுந்து ஓடினேன். செங்கல் சூளையில் வேலை செய்த பெண்கள் துணி கொடுத்தார்கள். அங்கிருந்து கண்டக்டரம்மா வீடு. இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். அந்தம்மா வேலைக்குப் போகும்போது என்னை மருந்தகத்தில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.

கொல்ல நினைத்தாரா, பயமுறுத்த நினைத்தாரா? எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருஷம் பக்கத்தில் படுத்தவரைப் பற்றி இதுகூடத் தெரியவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனோம். "புருஷன் நீச்சல் கத்துக் குடுத்ததுக்கு ஒரு புகாரா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேஷியருக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறார். சாட்சி இல்லாத இடத்தில் நடந்ததால் என் வார்த்தை ஒன்று, அவர் வார்த்தை ஒன்று என்றுதான் நிற்கும் என்றார். உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இந்தத் தங்கச்சி நேர்ல வந்து சொன்னா, இது வேற வழக்கு" என்றார்.

நீ மறைத்தாய் என்ற கோபம் எனக்கு இருக்கிறது. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். இப்போது வா.

அண்ணி

செப்டம்பர் 14

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பது அறிந்து கடவுளுக்கு நன்றி சொன்னேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, பிறகுதான் இறங்கியது.

நீங்கள் கேட்டதைப் பற்றி எவ்வளவோ யோசித்தேன். இங்கே விடுப்பு கிடைப்பது சுலபமில்லை. இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. மகளுக்குத் தெரியவே கூடாது. இத்தனை வருஷம் கழித்து ஊருக்கு வந்து, கூடப் பிறந்தவரை எல்லோர் முன்னாலும் நிறுத்திப் பேசினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

அண்ணன் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். உங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நீங்கள் பயந்துபோய்ப் புரியாமல் ஓடிவிட்டீர்கள், வீட்டுக் கதவு திறந்தே இருக்கும் என்று எழுதியிருக்கிறார். கடைசியில், "உனக்கு நினைவு இருக்கும், நீயும் இப்படித்தான் பயந்தாய்" என்று ஒரு வரி இருக்கிறது.

பெரியவர்கள் யாரையாவது வைத்துப் பேசிப் பாருங்கள். என் பழைய கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். பதற்றத்தில் எழுதியது.

என்றும் உங்கள் நலம் நாடும்,
சிட்டு

அக்டோபர் 8

சிட்டு,

பூத்திலிருந்து இரண்டு தடவை உனக்கு ஃபோன் செய்தேன். என் குரல் கேட்டதும் இரண்டு தடவையும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். இது எனக்காக இல்லை.

நாங்கள் ஏழு பேரும் நகராட்சி ஆணையர் அறை வாசலில் நான்கு நாள் உட்கார்ந்தோம். கண்டக்டரம்மா பஸ்ஸில் பேசுகிற குரலிலேயே பேசினார். ஐந்தாம் நாள் பெண்கள் நேரத்தை மறுபடி திறந்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டே நாள்தான். இருந்தாலும் திறந்தது. இப்போது பதினெட்டுப் பேர் வருகிறோம்.

அதில் ஒரு சின்னப் பெண். எங்கள் எதிர் வீட்டுக் கணக்கு டீச்சரின் மகள். பன்னிரண்டு வயது. வந்த மூன்றாம் நாளே விசிலைத் தவிர எல்லோரையும் முந்திவிட்டாள். "இவளைப் போட்டிக்கு அனுப்பணும்" என்று விசில் குதித்தாள். போன வாரத்திலிருந்து அந்தப் பெண்ணைக் காணவில்லை.

டீச்சரைப் பார்க்கப் போனேன். உன் அண்ணன் அவரிடம் பேசியிருக்கிறார். குளத்துத் தண்ணீர் சுத்தமில்லை, அளந்து பார்ப்பவன் சொல்கிறேன் என்றாராம். இவ்வளவு திறமையை வீணாக்கக்கூடாது, ஏரியில் நானே பயிற்சி தருகிறேன் என்றாராம். வரும் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி.

எனக்கு நடந்ததை எல்லாம் டீச்சரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். அதுல நான் என்னத்தச் சொல்றது? அவர் தங்கச்சி அவர்கிட்ட கத்துக்கிட்டுத்தானே முதல் இடம் வாங்கினாங்க? சான்றிதழைக் காட்டினாரே" என்றார். நான் கிழிக்காமல் வைத்திருந்தது அது. உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "சிட்டுன்னு போட்டிருக்கு. இதை யாரு வேணா எழுதலாமேம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்கு டீச்சர், விடைக்கு வழிமுறை கேட்கிறார்.

இருபதாம் தேதி காலை நாங்கள் பதினேழு பேரும் ஏரிக் கேட்டின் முன்னால் போய் நிற்போம். ஆனால் உன் அண்ணனிடம் சாவி இருக்கிறது, எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் எங்களால் நிற்க முடியும்?

டீச்சர் வீட்டு ஃபோன் எண்ணைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். கூப்பிடாவிட்டால் இனி உனக்கு எழுத மாட்டேன். "உன் அண்ணி" என்று கையெழுத்துப் போட இன்றைக்குக் கை வரவில்லை. உன் அண்ணனைக் கட்டியதால் வந்த உறவு அது.

மருந்தகத்துக்காரி

அக்டோபர் 19, சனிக்கிழமை

அண்ணி,

நீங்கள் வேண்டாமென்றாலும் எனக்கு வேறு பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியவில்லை.

கடிதம் இன்று காலையில் வந்தது. நாளை ஞாயிறு. உறையைப் பிரித்ததும் தேதியைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார், மகளும் இருந்தாள். அவர்களை வெளியே அனுப்பவில்லை. அவர்கள் எதிரிலேயே டீச்சருக்கு ஃபோன் செய்தேன்.

என் முழுப் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், படித்த பள்ளியையும் வகுப்பையும் சொன்னேன். கல்குவாரியில் நடந்ததைச் சொன்னேன். எத்தனை வரை எண்ணினார் என்று சொன்னேன். நேரிலேயே வந்து சொல்வேன் என்றும் சொன்னேன். நடுவில் என் மகள் வந்து என் முதுகில் கை வைத்தாள். டீச்சர் ஒரு "ம்" கூடச் சொல்லவில்லை. லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன்.

"இருக்கேன்" என்றார். அப்புறம், "இவ்வளவு வருஷமா நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று கேட்டார்.

இங்கேதான் இருந்தேன் என்றேன்.

அவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே யாரிடமோ பேசியது எனக்குக் கேட்டது. "நாளைக்கு எங்கயும் போகல. பையை எடுத்து உள்ள வை" என்றார். ஏன் ஏன் என்று ஒரு பெண்ணின் குரல் சண்டை பிடித்தது. அந்தச் சண்டையை நான் ஃபோனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வரும் புதன்கிழமைக்கு விமானச் சீட்டு எடுத்துவிட்டார் என் வீட்டுக்காரர். வியாழன் காலை பத்து மணிக்கு அங்கே இறங்குவேன். வக்கீலம்மாவிடம் சொல்லுங்கள், எந்தத் தாளில் கையெழுத்து வேண்டுமோ தயாராக வைக்கட்டும். உங்களிடம் மன்னிப்புக் கேட்க வரவில்லை. அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் வந்தது. அண்ணன். டீச்சர் தெருவைக் கடந்து போய் அவரிடமே நேராகக் கேட்டிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "சின்னப் பிள்ளையில கனவு கண்டதை எல்லாம் ஊருக்குச் சொல்லிட்டு இருக்கியாமே. சரி, எப்போ வர்றே?" என்றார். நான் சொல்லவில்லை. "வியாழக்கிழமைதானே அங்கயிருந்து விமானம் வரும். நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். எவ்வளவு நாளாச்சு உன்னைப் பார்த்து" என்றார்.

"சரி" என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உங்களுக்கு வருவதற்குள் நானே வந்திருப்பேன். அதனால் இதைத் தபாலில் சேர்க்கிற கையோடு மருந்தக விலாசத்துக்கு ஒரு தந்தியும் கொடுக்கப் போகிறேன். எழுதி வைத்திருக்கிறேன்:

வியாழன் காலை பத்து, விமான நிலையம். அவரும் வருகிறார். எல்லோரும் முன்னதாக வாருங்கள்.